உசிரு பிடி

1

இந்த மாதத்தோடு நான் ஊரை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. இப்படி எழுதியதும் துபாய், கனடா என்று நினைத்துக்கொண்டு சென்ட் பாட்டில் கேட்டு எழுதாதீர்கள். நான் இருப்பது மைசூரில். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். பாஸ்போர்ட் கிடையாது, பனி கிடையாது, இட்லி கிடைக்கிறது. முதல் லீவுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். "இது இங்க முக்குக்கடையிலயே கிடைக்கில்லா" என்று மச்சான் டப்பாவைத் திறக்காமலே மேஜையில் வைத்துவிட்டான். புலம்பெயர்ந்தவனுக்குக் கிடைக்கவேண்டிய மரியாதை எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை. புலம்பல் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

நான் எக்ஸ்ரே எடுப்பவன். "டாக்டர் மாதிரி" என்று அம்மா பெண் வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். பெண் நர்ஸ். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பொய் வெளுத்துவிட்டது. ஆனாலும் கிரேஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். காரணம் இன்றுவரை எந்த எக்ஸ்ரேயிலும் தெரியவில்லை.

என் வேலையில் பேச்சு குறைவு. மூன்றே வாக்கியங்கள். நகையைக் கழற்றுங்கள், மூச்சைப் பிடியுங்கள், மூச்சை விடுங்கள். இந்த மூன்றையும் கன்னடத்தில் சொல்ல எத்தனை நாள் ஆகிவிடப்போகிறது என்றுதான் ரயில் ஏறினேன்.

2

கன்னடத்தில் மூச்சுக்கு உசிரு என்று பெயர். நம் பக்கம் உசிரு போனால் ஆளே போச்சு. இங்கே உசிரு போகும், வரும், யாரும் பதறமாட்டார்கள். முதல் நாள் காலையில் ஒரு நர்ஸ் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு மேல் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து மிச்சத்தை நானே செய்துகொண்டேன். உசிரு அவர்களுடையது, பிடி நம்முடையது. இரண்டையும் சேர்த்து, மெஷின் முன்னால் நின்ற பால்காரரிடம் "உசிரு பிடி" என்றேன்.

அவர் நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் ஊதி வெளியே விட்டார். நான் பட்டனை அழுத்தினேன்.

கன்னடத்தில் பிடி என்றால் விடுங்கள். தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டு பிடியும் ஒன்றேதான். வாயில்தான் வித்தியாசம். பாட்டு என்பதில் வருகிற 'ப' போல ஆரம்பித்தால் தமிழ், கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் வருகிற 'ப' போல ஆரம்பித்தால் கன்னடம், விட்டுவிட வேண்டும். நான் சொன்னது பாட்டு. அவர் காதில் விழுந்தது பஸ்.

நெஞ்சு எக்ஸ்ரேக்குக் காற்றை இழுத்து நிறுத்தியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் நுரையீரல் சுருங்கி, படத்தில் இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அன்றைக்குப் பதினொரு பேரை எடுத்தேன். மத்தியானம் டாக்டர் பதினொரு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் மாட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"ஏனப்பா, இவத்து, இன்னைக்கு வந்த எல்லாருக்கும் ஹார்ட் பெருசா இருக்கே?"

"மைசூர்க்காரங்க அப்படித்தான்னு ஊர்ல சொன்னாங்க சார்" என்றேன்.

சிரித்தாரா, இருமினாரா, எனக்குத் தெரியாது. பதினொரு பேரையும் திரும்பக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தேன். வேலை போகவில்லை. வெட்கம் மட்டும் தங்கிவிட்டது. வெளியே யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வீட்டில் மட்டும், ப்ரிசிக்குச் சோறு ஊட்டுகிற காலத்தில், "பெரிய ஹார்ட் கதை சொல்லு" என்று அவள் வாயை மூடிக்கொள்ளும்போதெல்லாம் சொல்வேன். கன்னத்தை உப்பிக் காட்டுவேன், அவள் வாயைத் திறப்பாள், ஒரு உருண்டை உள்ளே போகும்.

3

ப்ரிசில்லா என் ஒரே மகள். இப்போது இருபத்து மூன்று வயது. வீட்டில் தமிழ் பேசுகிறாள். தமிழ் என்று நாங்கள் நம்புகிறோம். "அப்பா, சும்னே டென்ஷன் ஆகாதீங்க. ஊட்டா ஆச்சா?" என்பாள். ஊட்டா என்றால் சாப்பாடு. ஊரில் போய் இப்படிக் கேட்டால், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறுவார்கள். தமிழ் எழுதப் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் கன்னடம்தான் எடுத்தாள். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் ராகம் தப்பாமல் பாடிவிடுவாள். எல்லாம் மனப்பாடம்.

எனக்கென்று ஒரு திட்டம் இருந்தது. நான் திரும்பிப் போகப்போவதில்லை. மகளையாவது அனுப்பிவிடலாம். அவளை வங்கி கிளார்க் பரீட்சை எழுதவைத்து, மாநிலம் என்கிற இடத்தில் தமிழ்நாடு என்று நானே நிரப்பினேன். பாஸ் பண்ணிவிட்டாள். அதன் பிறகுதான் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பள்ளியில் அந்த மாநில மொழியைப் படிக்காதவர்கள் அதில் எழுதிக்காட்டி, படித்துக்காட்ட வேண்டும். தாய்மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று போட்டிருக்கிறோமே என்று போன் போட்டுக் கேட்டேன். "தாய்க்குத் தெரியும் சார், பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார் போனை எடுத்த அம்மாள். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

என் தமிழும் பெருமைப்படுகிற நிலையில் இல்லை. போன வருஷம் ஒரு சான்றிதழுக்காகப் பாளையங்கோட்டைத் தாலுகா ஆபீஸ் போனேன். பின்னால் நின்றவர் அவசரப்படுத்தியதில் "ஒந்து நிமிஷா சார்" என்று வாயில் வந்துவிட்டது. கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, "நீங்க, எந்த, ஊரு?" என்று கேட்டார். அந்த ஆபீஸுக்குப் பின்தெருவில் பிறந்தவன் நான்.

ஆகவே ப்ரிசியைச் சனிக்கிழமை தோறும் சர்ச் தெரு ரூபி டீச்சரிடம் தமிழ் படிக்க அனுப்பினேன். ஐந்து மாதம் ஒழுங்காகப் போனாள். அந்தத் தமிழ்த் தேர்வு வருகிற வியாழக்கிழமை, சென்னையில். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

4

போன செவ்வாய்க்கிழமை கழுத்து வலி என்று ஒரு பெண் வந்தாள். ஏதோ காலேஜில் லெக்சரர். கழுத்துப் படம் என்றால் காதில் ஒன்றும் இருக்கக்கூடாது. கம்மலுக்கு இங்கே ஓலெ என்பார்கள். "ஓலெ தெகீரி" என்று டிரேயை நீட்டினேன். இருபத்தைந்து வருஷமாக மைசூர்ப் பெண்களின் நகைகளை அதிகம் கழற்றவைத்த ஆம்பிளை நான்தான். ஒரு நாளும் எதையும் உற்றுப் பார்த்ததில்லை.

அன்று பார்த்தேன். இரண்டும் மரத்தில் வெட்டிய வட்டம், ரூபாய் நாணயம் அளவு. இடது காது வட்டத்தில் ஒரு ஆள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறான், நெஞ்சில் கடுகு மாதிரி ஒரு சிவப்பு இதயம். வலது காதில் அதே ஆள் வாயைக் குவித்துக் காற்றை விடுகிறான், இதயம் சட்டைப் பித்தானைத் தெறிக்கவிட்டு வெளியே வருகிறது. ஆளுக்கு முன்வழுக்கை, தேய்த்த பிரஷ் மாதிரி மீசை, பாக்கெட்டில் மூன்று பேனா, எக்ஸ்ரே எடுக்காமலே தெரிகிற தொந்தி.

"யாரு இது?" என்று கன்னடத்தில் கேட்டேன்.

"பிடி அங்கிள் சார். கொத்தில்வா?" தெரியாதா என்று ஆச்சரியப்பட்டாள். "நம்ம காலேஜ்ல எல்லார் காதுலயும் இருக்கார். ரெண்டு பொண்ணுங்க பண்றாங்க. ஒருத்தி வரையறா, ஒருத்தி ஓலெ செய்யறா."

வட்டத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பொடிக் கன்னட எழுத்தில் இரண்டு பெயர்கள். சைத்ரா, ப்ரிசி. பஸ் போர்டு படித்துப் படித்துக் கற்ற கன்னடம் எனக்கு. இவ்வளவு சின்ன போர்டை அதுவரை படித்ததில்லை.

அந்தப் பெண் கம்மலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்மலைப் பார்த்தாள். "சார், நீவு..."

"நானில்லை" என்றேன். "அசையாம நில்லுங்க."

அவள் சிரித்த சிரிப்பில் கழுத்து ஆடிப் படம் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் ரீடேக்.

5

சாயங்காலம் கிரேஸிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரூபி டீச்சருக்கு?"

"ரூபி டீச்சர் ரெண்டு ஜோடி வாங்கியிருக்காங்க."

"அப்ப அஞ்சு மாசமா தமிழு?"

"ஒரு மாசம் போனா. அப்புறம் சனிக்கிழமை பூரா தேவராஜ மொஹல்லால அந்த சைத்ரா பிள்ளையோட ரூம்லதான் இருக்கா. மாடில. மரம் அறுத்துட்டு, பெயின்ட் அடிச்சுட்டு." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷம் இதையே பண்ணிப் பாக்கணும்னு அவளுக்கு. உங்ககிட்ட கேக்கப் பயம். நீங்க வேண்டாம்னா பேசாம வியாழக்கிழமை போயிருவா. வேணும்னே பெயிலாகக்கூட மாட்டா, ராத்திரி பூரா முழிச்சுப் படிச்சு பாஸாயிருவா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"என் மானத்த ஊர்க்காதுல தொங்கவிட்டுருக்கா."

"அதுக்குத்தான் கோவமா? வேல வேண்டாங்காளேன்னு இல்லியா?"

எதற்கு என்று எனக்கே தெளிவாக இல்லை. இரண்டும் ஒன்றாக வந்துவிட்டதால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ப்ரிசி வந்ததும் இருவரும் சாம்பாரைப் பற்றிப் பேசினோம். ஐந்து நாளும் சாம்பாரைப் பற்றியே பேசினோம்.

"ஞாயித்துக்கிழமை சந்தையில கட போடுதா. கத்தணும்னா அங்கயே போயி கத்துங்க" என்றாள் கிரேஸ்.

6

அந்தச் சந்தை ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில் நடக்கிறது. ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். உள்ளே போனதும் மறந்துவிட்டது. மரத்தடிகளில் மேஜை போட்டு, எல்லாம் ப்ரிசி வயதுப் பிள்ளைகள். ஒருத்தி களிமண்ணில் குட்டிக் குட்டி மைசூர் மல்லிகை செய்து ஜிமிக்கியாகக் கோத்திருந்தாள். ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மனிதர்களை மட்டும் வரைந்து அட்டையில் ஒட்டி வைத்திருந்தான். அதில் வாயைத் திறந்து தூங்குகிற ஒரு கண்டக்டர் என்னை நிறுத்திவிட்டார். இந்த ஊரில் இத்தனை பேர் தாங்களே வரைந்து, தாங்களே கோத்து, தாங்களே விற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மைசூர், சட்டையைக் கழற்றிப் பலகையில் ஒட்டி நிற்கிற மைசூர்.

கடைசி மேஜையில் ப்ரிசி முதுகைக் காட்டிக்கொண்டு கொக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முடியைப் பென்சிலால் கொண்டை போட்ட ஒரு பெண். அவள் என்னைப் பார்த்ததும் பென்சிலை உருவினாள், முடி அவிழ்ந்தது.

"அய்யோ. பிடி அங்கிள்."

நாலு மாதமாக என் மீசையை வரைந்த சைத்ரா அவள்தான். என்னைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். ப்ரிசி திரும்பினாள். கையிலிருந்த கொக்கியை மேஜையில் வைத்தாள்.

"அப்பா, நானே சொல்லணும்னுதான்..."

அவள் முடிப்பதற்குள் மேஜைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்துவிட்டார்கள். கொள்ளேகாலில் இருந்து வந்த தமிழ்க்காரர்கள். கம்மல் குத்தியிருந்த அட்டையை அந்த அம்மாள் எடுத்துக் கண்ணருகில் வைத்துப் படித்தார்.

"ஏனுங்க, இதென்னங்க உசிரு பீடி?"

நான் அட்டையை வாங்கினேன். மேலே கன்னடம், சரியாகவே இருந்தது. கீழே தமிழில், கையால், தூரிகையால், வெகு அழகாக எழுதியிருந்தது: உசிரு பீடி. இதயம் பெருசாகும்.

"பீடி குடிச்சா இதயம் வீங்கிக்குமுங்களா?" என்று அந்த ஆள் என்னிடம் கேட்டார்.

"வீங்கலாங்க" என்றேன். வேறென்ன சொல்ல. "நான் எக்ஸ்ரே எடுக்கிறவன்."

"அப்ப நல்ல கருத்துதானுங்க" என்றார் அந்த அம்மாள். "எங்கப்பன் நாளைக்கு ஒரு கட்டு பீடி ஊதறாரு. சொன்னாக் கேக்கமாட்டாரு. இதைக் காதுல போட்டுக்கிட்டு அவரு முன்னால நடக்கறேன். அட்டையைத் தனியாக் குடு கண்ணு, கண்ணாடியில ஒட்டோணும்."

அவர்கள் போன பிறகு ப்ரிசி மெதுவாகக் கேட்டாள். "என்னப்பா தப்பு?"

"பிடிக்குச் சுழி கிடையாது ட்டி. சுழி போட்டா பீடி."

"பீடி அந்த்ரே... பீடின்னா ஸ்மோக் பண்றதா?"

"அதேதான்."

"ரெண்டு எழுத்தும் சர்ச் பாட்டுப் புக்குல இருந்துச்சு. நான் பாத்துப் பாத்து வரைஞ்சேன். இது சுருட்டிக்கிட்டு அழகா இருந்துச்சுப்பா. அதனால இதைப் போட்டேன்."

"நானு டிசைன் அந்த்கொண்டெ" என்றாள் சைத்ரா. டிசைன் என்று நினைத்துவிட்டாளாம்.

மேஜையில் நூறு அட்டைகளுக்குக் குறையாது. நூறும் பீடி. ப்ரிசி உதட்டைக் கடித்துக்கொண்டு அவற்றை அடுக்க ஆரம்பித்தாள், பெட்டியில் போட்டு மூட. அப்போதுதான் உறைத்தது. ரூபி டீச்சரிடம் போவதை நிறுத்திய பிள்ளை பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, நேராகப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தேடியிருக்கிறாள். நான் ஒளித்துவைத்த ஒரு அசட்டுத்தனத்தை எழுதுவதற்காக.

"பிளேடு இருக்கா?" என்று கேட்டேன்.

சைத்ரா கொடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் அட்டையின் சுழியைச் சுரண்டினேன். பெயின்ட் உரிந்து பி வந்தது. சுரண்டின இடம் கொஞ்சம் பொங்கினாற்போல் இருந்தது. சைத்ரா அதைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தூரிகையால் காற்று ஊதினாற்போல் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் போட்டாள். எழுத்தே மூச்சு விட்டது போல ஆயிற்று.

சாயங்காலம் வரை சுரண்டினேன். வந்தவர்கள் என்னையும் கம்மலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு தாத்தா சொல்லிக்காட்டச் சொன்னார். "உசிரு பிடி" என்றேன். அவர் விட்டார். நடுவில் ப்ரிசி ஒரு புது அட்டை எடுத்து, சுழியில்லாமல் எழுதி என் பக்கம் தள்ளினாள்.

"இது பாட்டு பி-யா, பஸ் பி-யா?"

"எழுத்துல ஒண்ணுதான். சொல்றவன் வாயிலதான் இருக்கு."

அவள் தூரிகையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "அப்பா, ஒரு வருஷம் போதும். அது ஆகலைன்னா நீங்க சொல்ற பரீட்சை எல்லாம் எழுதறேன். இந்த வியாழக்கிழமைய என்ன மாடறது?"

பாளையங்கோட்டைக் கிளையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அவள் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ தடவை மனதில் பார்த்திருக்கிறேன். தாலுகா ஆபீஸ் கிளார்க் வந்து அவள் முன்னால் வரிசையில் நிற்கிற காட்சியும் அதில் உண்டு. அதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னேன்.

7

வீட்டுக்கு வந்ததும் ப்ரிசி நேராகக் குளிக்கப் போனாள். போகும்போது பாடிக்கொண்டு போனாள். கிரேஸ் என் சட்டையில் ஒட்டியிருந்த பெயின்ட் தூளைத் தட்டிவிட்டாள்.

"கத்துனியளா?"

"இல்ல."

"அப்ப என்ன சொன்னிய அவகிட்ட?"

"பிடின்னு சொன்னேன்."

அவள் கை நின்றது. "எந்த பாஷையில?"

"கன்னடத்துல. பஸ்."

பிறகு தோளில் மிச்சமிருந்த தூளையும் தட்டிவிட்டாள். என்னைவிட அவளுக்கு நல்ல கன்னடம் தெரியும். வார்டில் பேசிப் பேசி வந்தது. தப்பு கண்டுபிடிக்காமல் விடமாட்டாள்.

"பெத்த பிள்ளைகிட்ட பிடுன்னுல்லா சொல்லணும்" என்றாள். "பிடின்னா மரியாதை. பெரியவங்ககிட்ட சொல்லுதது."

"மரியாதையாத்தான் சொன்னேன்" என்றேன்.